ஒரு பருவத்துக் கைப்பை: பூநகரிப் பன்னவேலைக் குழுவின் அனுபவம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்கே, பூநகரிப் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தில் பனையோலையால் பெட்டி, கடகம் முதலியவற்றை இழைக்கும் பன்னவேலை செய்யும் 23 பெண்களைக் கொண்ட குழு ஒன்று உள்ளது. கொழும்பில் பெயர்பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஒருவரும், நாட்டின் பல நகரங்களில் கிளைகள் கொண்ட ஆடை விற்பனை நிறுவனம் ஒன்றும் சேர்ந்து வெளியிட்ட கைப்பை வரிசைக்கு இக்குழு 2023இல் பனையோலை உடற்பகுதிகளை இழைத்துக் கொடுத்தது. அக்காலத்தில் குழுவின் கணக்குகளையும் கடிதத் தொடர்புகளையும் கவனித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குழு, வடிவமைப்பாளர், நிறுவனம் ஆகிய மூன்று தரப்பின் பெயர்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

2009இல் போர் முடிந்து, முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய குடும்பங்களின் பெண்களே இக்குழுவில் உள்ளனர். பதினொருவர் தனியாகக் குடும்பத்தைத் தாங்குபவர்கள். நீத்துப்பெட்டி, கடகம், சுளகு, பனங்கட்டிக் குட்டான், மூடியுள்ள சிறு பெட்டிகள் என்பனவே அவர்களுடைய வழக்கமான பொருட்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலும் ஆவணியில் மடுத் திருவிழாவும் பெரிய விற்பனைக் காலங்கள். மற்ற நாட்களில் கிளிநொச்சி நகரில் இரண்டு கடைகளும் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையும் பொருள் எடுத்தன. சராசரியாக ஒருவருக்கு மாதம் 9,000 ரூபாய் கிடைத்தது. 2022இல் எரிபொருள் இன்றிப் பேருந்துகள் நின்றபோது விற்பனை ஏறத்தாழ நின்றே போனது. பலர் நுண்கடன் எடுத்து அந்த மாதங்களைக் கடந்தனர். பின்னர் எடுக்கப்பட்ட முடிவை மதிப்பிடும்போது இந்தக் கடனை மறந்துவிடக் கூடாது.

கோரிக்கை

2023 தை மாதத்தில் வடிவமைப்பாளர் நேரில் வந்தார். திருமணப் புடைவைகளும் மாலை விருந்து உடைகளும் செய்து, தமது சொந்தக் கடையில் உயர்ந்த விலைக்கு விற்பவர் அவர். ஆடை நிறுவனம் அவருடைய பெயரில் ஒருமுறை மட்டும் வெளியாகும் வரிசை ஒன்றைக் கேட்டிருந்தது. அதில் ஒரு பொருள் பனையோலைக் கைப்பை. மொத்தம் 1,200 உடற்பகுதிகள் தேவை, ஒன்றுக்கு 2,400 ரூபாய், புரட்டாதி முடிவதற்குள் ஒப்படைக்க வேண்டும் என்றார். தோல் கைபிடி, உள்துணி, பித்தளைப் பூட்டு ஆகியவை கொழும்பில் பொருத்தப்படும்.

அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மூன்று முறை வந்தார். ஒருமுறை இரண்டு நாள் தங்கி, ஓலை வாரும் சிறு கத்தியான சத்தகத்தைக் கையில் எடுத்து ஓலை வாரப் பழகி, விரலையும் வெட்டிக்கொண்டார்.

முடிவுக்கு முந்திய ஆலோசனை

குழுவின் பொதுக்கூட்டம் மாசியில் நடந்தது. இப்படிப்பட்ட கூட்டு முயற்சிகள் மற்ற இடங்களில் எப்படி முடிந்தன என்று தேடி, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். இத்தகைய கூட்டு புதிய யோசனை அல்ல. அமெரிக்க வடிவமைப்பாளர் ஹால்ஸ்டன் 1983இல் ஜே.சி. பென்னி என்ற நடுத்தர மக்களின் கடைக்கு மலிவான வரிசை ஒன்றைச் செய்து கொடுத்தபோது, அவருடைய விலையுயர்ந்த உடைகளை விற்றுவந்த பெர்க்டோர்ஃப் குட்மன் என்ற நியூயோர்க் ஆடம்பரக் கடை அவற்றை எடுப்பதையே நிறுத்தியது. இருபது ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 2003இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஐசக் மிஸ்ராஹி, டார்கெட் என்ற மலிவு விலைக் கடைகளுக்காக வடிவமைக்கத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் வரை அதைத் தொடர்ந்தார். 2004 கார்த்திகையில் பிரபல வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட், எச் அன்ட் எம் என்ற சுவீடன் ஆடை நிறுவனத்துக்குச் செய்த வரிசை விரைவில் விற்றுத் தீர்ந்தது. ஆனால் போதிய அளவு உடைகள் தயாரிக்கப்படவில்லை என்று அவரே பின்னர் குறைப்பட்டார். அதன்பின் எச் அன்ட் எம் ஆண்டுதோறும் வேறு வேறு பெயர்களுடன் அதைத் திரும்பச் செய்தது. 2011இல் இத்தாலிய ஆடை நிறுவனமான மிசோனியின் வரிசை வெளியான அன்று டார்கெட்டின் இணையத்தளம் நெரிசல் தாங்காமல் முடங்கியது.

எங்களுக்கு மிக நெருக்கமான உதாரணம் இந்தியாவுடையது. 2021 ஆவணியில் வடிவமைப்பாளர் சப்யசாச்சி முகர்ஜி எச் அன்ட் எம்முடன் சேர்ந்து வெளியிட்ட வரிசை இணையத்தில் சில நிமிடங்களில் விற்றுப்போனது. அதிலிருந்த சேலையின் விலை 9,999 இந்திய ரூபாய். இந்தியக் கைவினையின் சாயல் அதில் இருந்தும், அச்சிட்டது இயந்திரமே. கைவினைஞர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்று அங்குள்ள கைவினை அமைப்புகள் பகிரங்கக் கடிதம் எழுதின. அந்த அளவுகோலில் பார்த்தால் எங்களுக்கு வந்த கோரிக்கை நல்லது: இங்கே கை இருக்கிறது, கைக்குக் கூலியும் இருக்கிறது. நான் கூட்டத்தில் அப்படித்தான் சொன்னேன்.

முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த மூத்த உறுப்பினர் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உது முடிஞ்சாப்பிறகு எங்கட பாடு என்னண்டு ஆரும் சொல்லுகினமோ தம்பி?"

அதற்கு நான் நேரான பதில் சொல்லவில்லை. பெயர் வெளியே தெரிந்தால் அடுத்த ஓடர் தானாக வரும் என்றேன். இப்போது யோசித்தால், நான் கையில் வைத்திருந்த தாளிலேயே பதில் இருந்தது. ஹால்ஸ்டன், மிஸ்ராஹி இருவருடைய ஏற்பாடுகளைத் தவிர, நான் குறித்து வைத்திருந்த கூட்டுகள் அனைத்தும் ஒருமுறை வெளியாகி முடிவதற்காகவே திட்டமிடப்பட்டவை. குறைந்த எண்ணிக்கையில், சில நாட்களுக்கு மட்டும் கிடைக்கும் என்பதால்தான் மக்கள் வரிசையில் நின்றார்கள். தொடர்ந்து கிடைக்குமானால் அந்தப் பரபரப்பு இல்லை. மாதாமாதம் விற்றுச் சீவிக்கும் ஒரு குழு, முடிவதையே பலமாகக் கொண்ட ஒரு வியாபாரத்துக்குள் போகிறது என்பதை நான் கூட்டத்தில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

கூட்டம் 17க்கு 6 என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. கடன் தவணை கட்ட வேண்டியிருந்தவர்கள் அனைவரும் ஆதரவாகக் கை உயர்த்தினார்கள்.

ஒப்பந்தம்

விலையைப் பற்றி நாங்கள் கவனமாகவே பேசினோம். முற்பணம் 30 வீதம், அதாவது 864,000 ரூபாய், கையொப்பமிட்ட வாரத்திலேயே கிடைத்தது. நான்கு தொகுதிகளாக ஒப்படைப்பது, ஒவ்வொரு தொகுதிக்கும் 21 நாட்களில் பணம் என்பதும் எழுத்தில் வந்தது. வடிவமைப்பாளர் இவை எதையும் மறுக்கவில்லை.

பிழை வேறிடத்தில் நடந்தது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அதைத் தமிழில் விளக்கியவன் நான். பணம், திகதி, தரம் பற்றிய பகுதிகளை வரிவரியாகச் சொன்ன நான், பதினொராவது பிரிவை ஒரே வசனத்தில் கடந்துவிட்டேன். 24 மாதங்களுக்கு, "இப்பொருளையோ இதையொத்த பொருட்களையோ" குழு வேறு எவருக்கும் விற்கக் கூடாது என்று அது சொன்னது. "இதே பையை வேறு ஆளுக்குக் குடுக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று விளக்கினேன். 'ஒத்த' என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நானே.

ஓலை, சாயம், அச்சு

குழு இதுவரை கண்ணளவிலும் விரலளவிலும் வேலை செய்து பழகியது. ஒரு கடகம் இன்னொன்றைவிட அரை அங்குலம் பெரிதாக இருந்தால் வாங்குபவர் கவலைப்பட்டதில்லை. கைப்பைக்கு அது சரிவராது: கொழும்பில் வெட்டப்பட்ட தோலும் பூட்டும் ஒரே அளவு. முதல் மாதிரி முதல் ஒப்புதல் வரை 14 மாதிரிகள் இழைக்கப்பட்டன. அவற்றுக்குக் கூலி இல்லை.

ஒப்புதலுக்கு வழி செய்தவை இரண்டு சிறு பொருட்கள். முதலாவது, உள்ளூர்த் தச்சர் ஒருவர் வேப்பமரத்தில் செய்து கொடுத்த அச்சுக்கட்டை. பின்னலை அதன்மேல் ஏற்றி இறுக்கி முடித்தால் எல்லா உடற்பகுதியும் ஒரே வடிவில் வந்தன. இரண்டாவது, குழுவின் இளைய உறுப்பினர் ஒருவர் தாமே செய்த, ஓலை வாரும் ஒரு கருவி: கைக்கு அடக்கமான பலகைத் துண்டில் இரண்டு சவர அலகுகளை நான்கு மில்லிமீற்றர் இடைவெளியில் பதித்து, ஈர்க்கு நீக்கிய ஓலையை அதன்மேல் இழுத்தால் ஒரே அகலத்தில் வார் வந்தது. சத்தகத்தால் மணிக்கணக்கில் செய்யும் வேலை மிக விரைவில் முடிந்தது. அதற்குள் அவர் மூன்று பலகைகளை வீணாக்கியிருந்தார் என்பது கணக்குப் புத்தகத்தில் இல்லாத செலவு.

சாயம் பெருஞ் சிக்கலானது. கேட்ட நிறங்கள் இயற்கை வெள்ளை, கரும்பச்சை, செங்கபிலம். கிணற்று நீரில் காய்ச்சியபோது கரும்பச்சை சாம்பல் பூத்தது போல் மங்கியது. பூநகரியில் பல கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். பவுசரில் (தண்ணீர் வண்டியில்) வந்த குடிநீரில் காய்ச்சிப் பார்த்தபோது நிறம் நின்றது. எனவே சாயத்துக்கு மட்டும் நீரை விலைக்கு வாங்கினோம்.

ஓலையோ எதிர்பாராத தகராறாக முடிந்தது. வெள்ளை நிறத்துக்கும் மென்மைக்கும் விரியாத குருத்தோலையே வேண்டும். ஒரு பைக்கு இரண்டு குருத்து என்றால் 2,400 குருத்து. ஒரு மரத்தில் ஒன்றை வெட்டினால் அடுத்ததற்குச் சில மாதம் விட வேண்டும் என்பது ஊர் வழக்கம். அத்துடன் அந்த மாதங்கள் கள்ளுச் சீவும் பருவமாகையால், மரமேறத் தெரிந்தவர்களுக்கு எங்களுக்காக ஏற நேரமில்லை. வெளியிலிருந்து ஓலை கொண்டுவந்த சிலர், நிலத்தில் நின்றபடியே எட்டக்கூடிய வடலிகளில், அதாவது இளம் பனைகளில், கை வைத்தார்கள். போரில் அழிந்த பனைகளுக்கு ஈடாக நட்டு வளர்த்தவை அவை. காணிக்காரர் ஒருவர் கிராம அலுவலரிடம் முறைப்பாடு செய்தார். குழுத் தலைவி நேரில் சென்று மன்னிப்புக் கேட்டு, வடலிக் குருத்தை இனி வாங்குவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். சரியான முடிவு. ஆனால் அதற்குப் பிறகு ஒரு குருத்து 60 ரூபாயிலிருந்து 110 ரூபாய்க்குப் போனது; பவுசர் நீரும் சேர்ந்து, ஒரு பைக்கு 400 ரூபாய் என்று போட்டிருந்த மூலப்பொருட் செலவு 560 ஆனது. விலையை மாற்றும் பிரிவு எதுவும் ஒப்பந்தத்தில் இருக்கவில்லை.

இந்த மாதங்களில் பழைய வாடிக்கையாளர்களுக்குப் பொருள் போகவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வழக்கத்தில் பாதி மட்டும் கொண்டுபோனோம். மடுவுக்குப் போகவே இல்லை. யாழ்ப்பாணக் கடைக்காரர் இரண்டு முறை அழைத்தார். மூன்றாவது முறை அழைக்கவில்லை.

மாரி

முதல் மூன்று தொகுதிகள், 900 உடற்பகுதிகள், பெரிய குறை எதுவுமின்றி ஏற்கப்பட்டன. ஓலைத் தட்டுப்பாட்டால் நான்காவது தொகுதி ஐப்பசி நடுப்பகுதிக்குத் தள்ளிப்போனது. அதற்குள் மழை தொடங்கிவிட்டது. சாயமிட்ட ஓலை வெயிலில் காய வேண்டும். அடுப்படியில் கயிறு கட்டி உலர்த்தினார்கள். தொட்டுப் பார்க்கும்போது காய்ந்திருந்தது, ஆனால் பின்னலின் உட்பக்கத்தில் ஈரம் தங்கியிருந்தது. பொலித்தீன் பைகளில் கட்டி அனுப்பிய பெட்டிகளைக் கொழும்பில் திறந்தபோது 146 பைகளில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அவற்றில் 58ஐத் துடைத்து, உலர்த்தி ஏற்றுக்கொண்டார்கள். 88 திரும்பி வந்தன.

மாரிக்குள் ஓலை காயாது என்பது அந்த 23 பேருக்கும் தெரியும். தாமதத்தின் தண்டப்பணத்துக்குப் பயந்து அனுப்ப முடிவெடுத்தோம். ஒரு தொலைபேசி அழைப்பில் இரண்டு வாரத் தவணை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் தந்திருப்பேன் என்று வடிவமைப்பாளர் பின்னர் சொன்னார்.

வெளியீடும் அதன் பின்னும்

கார்த்திகை இறுதியில் வரிசை வெளியானது. பையின் விலை 16,900 ரூபாய். ஆறு நாட்களில் எல்லாம் விற்றன. பையுடன் வந்த அட்டையில் வடிவமைப்பாளரின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இருந்தன. கீழே "வடக்கின் கைவினைஞர்களால் இழைக்கப்பட்டது" என்று ஒரு வரி. கொழும்பில் வேலை செய்யும் மகள் அனுப்பிய படத்தைத் தாயொருவர் எல்லோருக்கும் காட்டினார். பெருக்கிப் பார்த்து, மூலைப் பின்னலைக் கொண்டு அது தன் கைவேலை என்று இருவர் அடையாளம் சொன்னார்கள்.

அடுத்த ஓடர் வரவில்லை. நிறுவனம் மறு ஆண்டுக்கு வேறு வடிவமைப்பாளரையும் வேறு பொருளையும் தெரிவு செய்திருந்தது. அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அவர்கள் சொன்னபடிதான் செய்தார்கள். வடிவமைப்பாளருக்கும் முழு இலாபம் என்று சொல்ல முடியாது. தமது சொந்தக் கடையில் 45,000 ரூபாய்க்கு வைத்திருந்த பையைப் பார்த்து, "அங்கே 16,900க்குத் தந்தீர்களே" என்று பழைய வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள் என்று தொலைபேசியில் சிரித்தபடி சொன்னார். ஹால்ஸ்டனுக்கு நேர்ந்ததன் சிறிய வடிவம் அது.

2024 தை மாதத்தில் புலம்பெயர்ந்த குடும்பம் ஒன்று திருமணத்துக்காக 200 மூடிப் பெட்டிகள் கேட்டது. பெட்டியில் கைப்பையின் அதே வைரக்கட்டுப் பின்னல் வரும் என்பதால், பதினொராவது பிரிவுக்குப் பயந்து குழு மறுத்துவிட்டது. பக்கத்துப் பிரதேசக் குழு ஒன்று அதைச் செய்து கொடுத்தது. பங்குனியில் சட்டத்தரணி ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டினோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கைத்தொழில் வடிவமாகப் பாதுகாப்புப் பெற ஒரு வடிவம் புதியதாக இருக்க வேண்டும். பாட்டிமார் இழைத்து வந்த பின்னலுக்கு எவரும் உரிமை கொண்டாட முடியாது என்றார். ஆனால் சட்டம் தடுக்காததையும் கையொப்பம் தடுக்கலாம் என்று எச்சரித்து, 'ஒத்த பொருள்' என்பது கைப்பையை மட்டுமே குறிக்கிறது என எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னார். மின்னஞ்சல் அனுப்பிய நான்காம் நாள் வடிவமைப்பாளர் அப்படியே எழுதித் தந்தார். ஒரு வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கக்கூடிய ஒரு வரி.

கணக்கு

ஏற்கப்பட்டவை 1,112, வரவு 2,668,800 ரூபாய். இழைத்த 1,200க்குமான மூலப்பொருட் செலவு 672,000. மிகுதி 1,996,800ஐ 23 பேருக்குப் பிரித்தால் ஏறத்தாழ 86,800. அதே ஐந்து மாதங்களில் வழக்கமான வேலையில் 45,000 கிடைத்திருக்கும். இந்த இரண்டு எண்களோடு நிறுத்தினால் முயற்சி பெரும் வெற்றி. குழுவின் ஆண்டறிக்கையில் நானும் அப்படித்தான் எழுதினேன். ஆனால் அடுத்த ஐந்து மாதங்களில், பழைய கடைகள் கைவிட்டுப் போனதால், மாத வருமானம் 4,000 ஆக இறங்கியது. பத்து மாதங்களையும் சேர்த்தால் 90,000க்கு எதிராக 106,800. ஒருவருக்கு மிஞ்சிய மேலதிக வருமானம் 16,800 ரூபாய். மாதிரிகள் இழைத்த கூலியற்ற நாட்கள் இதில் கழிக்கப்படவில்லை. ஒன்பது பேர் முற்பணத்தைக் கொண்டு நுண்கடனை முழுதாக அடைத்தார்கள் என்பதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அவர்களைக் கேட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை என்பார்கள்.

எண்ணில் வராதது கைத்திறன். அச்சுக்கட்டையும் அலகுப் பலகையும் குழுவிடமே உள்ளன. அளவு தவறாமல் இழைக்க இப்போது 23 பேருக்கும் தெரியும். கிளிநொச்சிக் கடைகள் இரண்டும் 2024 ஆவணிக்குள் திரும்பி வந்தன. ஒரே அளவுப் பெட்டிகளை அடுக்கி வைக்க இலகுவாக இருப்பதால் ஒரு கடை முன்னையிலும் கூடுதலாக எடுக்கிறது. யாழ்ப்பாணக் கடை வரவில்லை.

மாற்ற வேண்டியவை

மீண்டும் இப்படியொரு கோரிக்கை வந்தால் ஏற்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் ஒரு பைக்கு என்ன விலை என்பதில் செலவழித்த நேரத்தின் பாதியையாவது, வெளியீட்டுக்குப் பிந்திய மாதங்களைப் பேசுவதில் செலவழிக்க வேண்டும். மொத்த உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு பழைய வாடிக்கையாளர்களுக்கென ஒதுக்கப்பட வேண்டும். அதனால் 1,200க்குப் பதில் 800 என்று சொல்ல நேர்ந்தால் அப்படியே சொல்ல வேண்டும். குறைந்த எண்ணிக்கை அந்த வியாபாரத்துக்குக் கெடுதல் இல்லை. கடைசித் தொகுதி ஆவணிக்குள் முடிய வேண்டும். குருத்தின் விலை ஏறினால் கூலியில் கை வைக்காதபடி ஒரு பிரிவும், மாதிரிகளுக்குக் கூலியும் எழுதப்பட வேண்டும். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி இல்லாமல் கையொப்பம் இல்லை என்று குழு ஏற்கெனவே தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர், மாசிக் கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்ட அதே உறுப்பினர்.

2025 வைகாசியில் வேறொரு நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தது. இம்முறை விளக்கு மூடிகள், 500. குழு மூன்று விடயங்களைக் கேட்டு எழுதியது: அட்டையில் குழுவின் பெயர், பின்னலுக்குத் தடை இல்லை என்ற எழுத்து, முதல் வெளியீட்டுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 150 மூடிகள். முதல் இரண்டுக்கும் உடனே சம்மதம் வந்தது. மூன்றாவதை ஆலோசித்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார்கள். பதில் வரும்வரை அச்சுக்கட்டைகளில் மூடிப் பெட்டிகள் இழைக்கப்படுகின்றன.